சவுக்கு மலையிலிருந்து வந்த நாலு செய்திகள்

உங்களில் பாதிப் பேர் இந்தத் தொழிலுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை என்று சொன்னார்கள். மற்றப் பாதிப் பேருக்கு எல்லாமே தெரிந்துவிட்டது என்பதை அவர்கள் எனக்கு அனுப்பிய கேள்விகளைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். "மேடம், ஒரு யோசனை சரிவருமா என்று சோதிக்கச் சிறந்த முறை எது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சிறந்த முறை தெரிந்திருந்தால் நான் இப்போது ஹட்டனில் அண்ணன் வீட்டு மாடியில் உட்கார்ந்து மழையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன். எங்கேயோ பெரிய ஆளாக இருந்திருப்பேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு சோதனையின் கதை. அது வென்றதா தோற்றதா என்று எனக்கே இன்னும் விளங்கவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்று மூன்று வருடமாகிறது, குழப்பம் மட்டும் ஓய்வு பெறவில்லை. நீங்களாவது வாசித்துப் பாருங்கள்.

நம் தொழிலில் இதற்கு பி.ஓ.சி. என்று பெயர் வைத்துப் பெரிதாகப் பேசிக்கொள்கிறோம். விஷயம் சின்னதுதான். முழு மென்பொருளையும் எழுதி முடித்துவிட்டுத் தலையில் கை வைப்பதற்கு முன்னால், எந்த இடத்தில் சந்தேகம் இருக்கிறதோ அந்த ஓர் இடத்தை மட்டும் சின்னதாகச் செய்து பார்ப்பது. கொழும்பில் எனக்கு முதன்முதலில் மேலாளராக இருந்தவர் அதிகம் பேச மாட்டார். சோதனைத் திட்டத்தை எடுத்துக்கொண்டு போனால், "இது தோற்றால் நீ எதை நம்புவதை விடுவாய்?" என்று மட்டும் கேட்பார். பதில் இல்லாவிட்டால் தாளைத் திருப்பித் தந்துவிடுவார். அவரிடம் காட்டாமல் ஒரு தடவை நானாகவே ஒரு சோதனை செய்தேன். சேர்வர் இருந்த அறையிலேயே உட்கார்ந்து சோதித்துவிட்டு, என்ன வேகம் என்று மெச்சி அறிக்கையும் எழுதிவிட்டேன். பிறகு தெற்கே காலி நகரத்திலிருந்த வாடிக்கையாளரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அது சிரித்துக்கொண்டே சொல்லக்கூடிய பிழை. இனிச் சொல்லப்போவது அப்படியில்லை.

தேயிலை மலையில் கொழுந்து பறிக்கும் பெண்களுக்குச் சிறுத்தையைவிடக் குளவிதான் பெரிய பயம். செடிக்குள்ளே கூடு இருப்பது கண்ணுக்குத் தெரியாது. கை பட்டதும் மொத்தமாகக் கலைந்து வரும். நிறையக் கொட்டு வாங்கியவரைச் சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பிழைத்துக்கொள்வார். தாமதமானால் மூச்சடைத்துவிடும். எங்கள் நிறுவனத்துக்கு வந்த யோசனை இதுதான்: மலையில் வேலை செய்யும் ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவரிடம் ஒரு போன். அதில் ஒரே ஒரு பொத்தான். அமுக்கினால் எந்த மலை என்ற செய்தி போகும். போகும்வரை திரை சிவப்பாக இருக்கும், போய்ச் சேர்ந்ததும் பச்சையாகும். திட்டம் முழுதாக வந்தால் சுற்றுவட்டாரத் தோட்டங்கள் எல்லாவற்றின் செய்தியும் மஸ்கெலியா டவுனில் ஓர் அறைக்கு வரும், அங்கே ஓர் அம்புலன்ஸ் தயாராக நிற்கும்.

சந்தேகம் இருந்த இடம் சிக்னல். மலையின் ஒரு முதுகில் நின்றால் நாலு கோடு இருக்கும், திரும்பி நின்றால் ஒன்றும் இருக்காது. அதனால் மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் நாலு மலைகளைத் தேர்ந்தெடுத்தோம். நாலு பெண்களிடம் நாலு போன். டவுனில் அறை இன்னும் வரவில்லை என்பதால் சோதனைக்கு மட்டும் செய்திகள் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு வரும்படி செய்தோம். அங்கே ஒரு டெப், அதாவது பலகை மாதிரிப் பெரிய திரையுள்ள போன், வைத்தோம். செய்தி வந்தால் அது மணியடிக்கும். அங்கே உதவியாளராக இருந்த வேலு அண்ணன் அதை நோட்டில் எழுத வேண்டும். பதினாலு நாள் சோதனை.

நடத்த என்னை அனுப்பினார்கள். நான் ஹட்டன்காரி. எங்கள் அப்பாவுக்குக் கடைவீதியில் புடவைக்கடை இருந்தது. தீபாவளிக்கு முன்னால் தோட்டங்களிலிருந்து கூட்டம் கூட்டமாக வருவார்கள். கல்லாவுக்குப் பின்னால் நின்று அவர்களைப் பார்த்தே வளர்ந்தவள் என்பதால், தோட்டத்து மக்களை எனக்குத் தெரியாதா என்ற மிதப்பு எனக்கு நிறையவே இருந்தது. ஒருவரைக் கல்லாவுக்குப் பின்னாலிருந்து தெரிந்துகொள்வதும் மலையில் ஏறித் தெரிந்துகொள்வதும் ஒன்றில்லை என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்தைப் பெரட்டுக் களம் என்பார்கள். அங்கே நின்றுதான் நாலு பெண்களுக்கும் விளக்கினேன். அமுக்குவதற்கு நேரம் குறிக்கவில்லை. ஒரு நாளைக்கு நாலு தடவை, நினைத்த நேரத்தில் அமுக்கச் சொன்னேன். "சும்மா விளையாட்டா அமுக்காதீங்க. உண்மையிலயே குளவி கொட்டுன மாதிரி நெனச்சிக்கிட்டுச் செய்யுங்க" என்றும் சொன்னேன். அப்படிச் சொன்னதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

நாலு பேரில் யோகேஸ்வரி என்பவள் சவுக்கு மலைக் கூட்டத்தைச் சேர்ந்தவள். நாற்பது வயதிருக்கும். டிஸ்பென்சரியிலிருந்து எட்ட இருந்த மலை அதுதான். கேள்வி கேட்டது அவள் மட்டும்தான்.

"பச்சை வந்துச்சுன்னா என்னா மிஸ் அர்த்தம்?"

"செய்தி போய்ச் சேந்துருச்சுன்னு அர்த்தம்."

"அப்ப ஆள் வந்துருவாங்க?"

"வந்துருவாங்க."

போனைத் துணியில் சுற்றி இடுப்பில் சொருகிக்கொண்டு போனாள்.

வேலு அண்ணனுக்கான நோட்டில் கட்டம் போட்டவள் நான்தான். தேதி, நேரம், எந்த மலை, செய்தி வந்ததா. இவ்வளவுதான். அன்று மாலை நோட்டை வாங்கிப் பார்த்தேன். பதினாறு செய்தி, பதினாறும் வந்திருந்தது. பெண்களின் போனில் அமுக்கிய நேரம் பதிவாகியிருக்கும். அதையும் நோட்டையும் வைத்துப் பார்த்தால் ஒரு நிமிடம், இரண்டு நிமிட வித்தியாசம்தான். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே. சவுக்கு மலையில் என் சொந்தப் போனை எடுத்துப் பார்த்தபோது ஒரு கோடுகூட இருக்கவில்லை. ஆனாலும் செய்தி வந்திருக்கிறது. எங்கள் ஆட்கள் எழுதிய மென்பொருள் அவ்வளவு கெட்டிக்காரத்தனமானது என்று நானே நம்பிவிட்டேன். நல்ல செய்தியைச் சோதித்துப் பார்க்க யாருக்கும் கை வராது. எனக்கும் வரவில்லை.

கொழும்பிலிருந்து முதலாளி தினமும் கேட்பார். நான் எல்லாமே வருகிறது என்பேன். பத்தாம் நாள் அவர் முழுத்திட்டத்துக்கு ஆட்களைச் சேர்க்கத் தொடங்கிவிட்டார்.

அன்றைக்குத்தான் அறிக்கைக்காக சேர்வரின் பதிவை இறக்கிப் பார்த்தேன். பாதிச் செய்திகள்கூட அதில் இல்லை. சவுக்கு மலையிலிருந்து பத்து நாளில் மூன்றே மூன்று.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். கொழும்பிலிருந்த புரோகிராமரைக் கூப்பிட்டுக் கத்தினேன். பதிவு சரி, சேர்வருக்கு வந்தது அவ்வளவுதான் என்று அவர் சாதித்தார். சேர்வருக்கு வராத செய்தி டெப்புக்கு வர வழியே இல்லை. டெப்புக்கு வராத செய்தி வேலு அண்ணனின் நோட்டுக்கு எப்படி வந்தது? அவர் கதையெழுதுகிறார் என்றால், சவுக்கு மலையில் யோகேஸ்வரி அமுக்கிய நிமிடம் அவருக்கு எப்படித் தெரியும்? இரண்டும் பொய்யாக இருக்க முடியாது, இரண்டும் மெய்யாகவும் இருக்க முடியாது. எனக்குத் தெரிந்த எல்லாப் பிழையையும் யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் பொருந்தவில்லை.

மறுநாள் காலை ஒன்றும் சொல்லாமல் போய் டிஸ்பென்சரியில் வேலு அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் மருந்துப் போத்தல்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். டெப் ஊமையாகக் கிடந்தது. பத்து மணி தாண்டியதும் துணியைக் கீழே வைத்தார், பேனாவை எடுத்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், எழுதினார். பத்து பதினெட்டு, சவுக்கு மலை, வந்தது.

"வேலு அண்ணே, டெப் அடிக்கலையே!"

"அடிக்கல மிஸ்."

"அப்புறம் வந்ததுன்னு எழுதுறீங்க?"

"வந்துச்சே மிஸ். ஒங்களுக்குக் கேக்கலயா?"

அப்போதுதான் காது கொடுத்துக் கேட்டேன். வெளியே, பள்ளத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண்குரல் நீட்டிக் கூவிக்கொண்டிருந்தது. பத்து நாளாக அந்தச் சத்தம் என் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. கொழுந்து பறிக்கிறவர்கள் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொள்கிறார்கள் என்று விட்டுவிட்டேன். வேலு அண்ணன் பொறுமையாக விளக்கினார். சவுக்கு மலையில் சத்தம் கொடுத்தால் அடுத்த மலையிலிருக்கிற பெண்கள் வாங்கிக் கொடுப்பார்கள். அவர்கள் கொடுப்பது கீழே பிள்ளைக் காம்பராவுக்குக் கேட்கும். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற அம்மா வாசலில் வந்து நின்று டிஸ்பென்சரியைப் பார்த்துச் சத்தம் கொடுப்பார். எல்லாம் ஒன்றிரண்டு நிமிடம்.

"இத ஏன் அண்ணே எங்கிட்ட சொல்லல?"

அவருக்கு மனசு நொந்துவிட்டது. "செய்தி வந்துச்சான்னுதான் மிஸ் கட்டம் போட்டுருக்கீங்க. எப்பிடி வந்துச்சுன்னு கட்டம் இல்லியே. நா பொய் எழுதல மிஸ்."

எழுதவில்லைதான்.

மூச்சு வாங்க சவுக்கு மலைக்கு ஏறினேன். யோகேஸ்வரி கை நிறுத்தாமல் பறித்துக்கொண்டே பேசினாள்.

"ஏன் சத்தம் குடுக்குறீங்க? போன்ல அமுக்கத்தானே சொன்னேன்?"

"நீங்கதானே மிஸ் சொன்னீங்க, கொட்டுன மாதிரியே நெனச்சிக்கிட்டுச் செய்யுங்கன்னு. கொட்டுனா செவப்பப் பாத்துக்கிட்டுச் சும்மா நிப்போமா? பச்சை வரல, சத்தம் குடுத்தோம்."

"பச்சை வந்தா?"

"வந்தா எதுக்குக் குடுக்கணும்? தொண்ட என்னா சும்மாவா கெடக்கு?"

பக்கத்து நிரையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்க வேண்டும். எனக்கு எரிச்சல்தான் வந்தது. பத்து நாள் உழைப்பு வீண். நான் சோதித்தது மென்பொருளையா, இவர்கள் தொண்டையையா? தோட்டத்து டிஸ்பென்சரிக்குச் சத்தம் கேட்கும், மஸ்கெலியா டவுனுக்கா கேட்கும்? முழுத்திட்டம் வந்து, செய்தி டவுனுக்குப் போக வேண்டிய நாளில் பாதிப் பேருடைய செய்தி போகாது. போகிறது என்று நான் கொழும்புக்குச் சொல்லிவிட்டேன். அதை நம்பி ஒருத்தி மலையில் கிடப்பாள்.

அந்த நேரத்தில் நான் நிதானமாக யோசித்திருக்கலாம். சேர்வரின் பதிவு கையிலேயே இருந்தது. அதை வைத்துப் பாதிக்குக் குறைவாகத்தான் வருகிறது என்று எழுதியிருந்தால் முடிந்தது. ஆனால் நான் ஏற்கெனவே எல்லாம் வருகிறது என்று சொன்னவள். முகத்தைக் காப்பாற்றிக்கொள்ள எனக்குச் சுத்தமான, யாரும் வாயைத் திறக்காத ஒரு நாள் தேவைப்பட்டது.

"நாளைக்கு ஒரே ஒரு நாள் சத்தம் குடுக்காதீங்க" என்றேன். "அமுக்குங்க. செவப்புல நின்னா நிக்கட்டும். அதத்தான் நான் பாக்கணும்."

யோகேஸ்வரியின் கை நின்றது. "உண்மையா கொட்டுனா?"

"கொட்டுனா கத்தாம இருப்பீங்களா? அப்பக் கத்துங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன்.

வேலு அண்ணனிடம் போய், நாளைக்குச் சத்தம் வந்தால் நோட்டில் எழுத வேண்டாம், அது கணக்கில்லை, மணியடித்தால் மட்டும் எழுதுங்கள் என்றேன். சரி மிஸ் என்றார்.

பிள்ளைகளே, இங்கே கொஞ்சம் நில்லுங்கள். நான் இரண்டு இடத்தில் இரண்டு விதமாகச் சொல்லியிருக்கிறேன். மலையில் உள்ளவர்களுக்கு, சத்தம் கொடுத்தால் அது உண்மை. டிஸ்பென்சரியில் உள்ளவருக்கு, சத்தம் வந்தால் அது கணக்கில்லை. இரண்டையும் சொன்னது ஒரே வாய். அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை. அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன் என்பதையும் வெட்கத்தோடு சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் வெயில் அடித்த நாள். மலை முழுக்க அமைதி. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நோட்டை நானே வாங்கி வைத்துக்கொண்டேன். இரண்டு மலையிலிருந்து மணி வந்தது. சவுக்கு மலையிலிருந்து எதுவும் வராது என்று எனக்குத் தெரியும். வராததைப் பதிவு செய்யத்தான் உட்கார்ந்திருந்தேன்.

பதினொன்று பத்துக்கு டெப் அடித்தது. திரையில் சவுக்கு மலை.

"வேலு அண்ணே, பாத்தீங்களா! சவுக்கு மலை!" என்று கையைத் தட்டினேன். சிக்னலே இல்லாத மலையிலிருந்து செய்தி. நோட்டில் பதினொன்று பத்து, வந்தது என்று எழுதி ஒரு சரி போட்டேன். இரண்டு நிமிடத்தில் மறுபடி அடித்தது. இன்னொரு சரி. அப்போது பள்ளத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் கேட்கத் தொடங்கியது. ஒரு குரல், பிறகு பல குரல்.

வேலு அண்ணன் எழுந்து நின்றார்.

"உக்காருங்க அண்ணே. பச்சை வந்துருச்சுன்னு சந்தோஷத்துல கத்துறாங்க. சொல்லியும் கேக்க மாட்டேங்குறாங்க பாருங்க."

"இது வேற மாதிரி இருக்கே மிஸ்."

"இன்னிக்குச் சத்தம் கணக்கில்லன்னு சொன்னேன்ல?"

உட்கார்ந்தார். மூன்றாம் தடவை அடித்தது. நாலாம் தடவையும் அடித்தது. நான் ஒவ்வொன்றுக்கும் சரி போட்டேன். ஒரு நாளைக்கு நாலு தடவை அமுக்கச் சொன்னது நான்தான், ஒரேயடியாக நாலையும் அமுக்கி முடித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறாள் போலிருக்கிறது என்று மனசுக்குள் அவளைத் திட்டினேன். பிள்ளைக் காம்பரா அம்மா வாசலுக்கு வந்து இரண்டு கையையும் தலைக்கு மேல் ஆட்டினார். அதைக்கூடப் பார்த்தேன். பார்த்தும் உட்கார்ந்திருந்தேன்.

வேலு அண்ணன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு செருப்புக்கூடப் போடாமல் ஓடினார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று பத்தொன்பது. முதல் மணிக்கும் அவர் எழுந்து ஓடியதற்கும் இடையில் ஒன்பது நிமிடம். அந்தக் கணக்கு வேறு யாரிடமும் இல்லை, என் கையெழுத்தில் என்னிடம் மட்டும் இருக்கிறது.

கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நின்ற லொறியை எடுத்துக்கொண்டு போனார்கள். யோகேஸ்வரியைத் தூக்கி வந்தபோது முகம் அடையாளம் தெரியவில்லை. மூச்சு விசில் மாதிரி வந்தது. லொறியின் பின்பக்கம் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மஸ்கெலியா ஆஸ்பத்திரி வரைக்கும் போனேன். அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டேன். என்னைத் தெரிந்துதான் கையை என் பிடியில் விட்டிருந்தாளா, தெரியாமலா என்று தெரியாது. செத்துவிடாதே, செத்துவிடாதே என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனேன்.

அவள் பிழைத்துக்கொண்டாள். அதைச் சீக்கிரமே சொல்லிவிடுகிறேன், உங்களை ஏன் வதைக்க வேண்டும். டொக்டரிடம், ஒன்பது நிமிடம் முன்னால் வந்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்காதா என்று கேட்டேன். அப்படியெல்லாம் சொல்ல முடியாதும்மா என்றார். அந்தப் பதிலை நான் ஆறுதலாக எடுத்துக்கொள்வதா, வேறு விதமாக எடுத்துக்கொள்வதா?

மூன்றாம் நாள் அவள் பேசினாள். ஒரு கண் இன்னும் திறக்கவில்லை.

"கூடு கலைஞ்சதும் எல்லாரும் மேல ஓடுனாங்க மிஸ். நா கீழ, தண்ணிப் பக்கமா ஓடுனேன். கானுக்குள்ள விழுந்து, இடுப்புல கட்டியிருந்த படங்க அவுத்துத் தலையில போத்திக்கிட்டேன். அங்கேருந்து அமுக்குனேன். ஒடனே பச்சை வந்துச்சு."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்தக் கான், மழைத்தண்ணீர் ஓடும் வாய்க்கால், மஸ்கெலியா நீர்த்தேக்கத்தைப் பார்த்த சரிவில் இருந்தது. எதிரே தண்ணீருக்கு மேலே மறைப்பு எதுவும் இல்லை. அந்த ஒரு மூலையில் மட்டும் சிக்னல் விட்டுப்போகாமல் இருந்திருக்கிறது. பத்து நாள் சோதனையில் யாரும் போய் நிற்காத மூலை.

"பச்சை வந்ததும் சரி, வந்துருவாங்கன்னு அங்கனயே கெடந்துட்டேன். இல்லாட்டி ரோட்டுக்கு எறங்கிருப்பேன், பத்து எட்டு வச்சாப் போதும். கொஞ்ச நேரம் ஆச்சு, யாரும் வரல. ஒருவேள போகலியோன்னு மறுபடி அமுக்குனேன். அப்பவும் பச்சை." அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். "நாலு தடவையும் பச்சை மிஸ்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் அப்போது கோபப்படவில்லை. எனக்கு அது கோபத்தைவிடக் கஷ்டமாக இருந்தது.

முதலாளிக்கு நடந்ததைச் சொன்னேன். அவர் பதறினார், ஆஸ்பத்திரியில் என்ன வேண்டுமென்றாலும் செய்யச் சொன்னார். நல்ல மனிதர்தான். ஆனால் கொஞ்ச நேரம் கழித்து, "அப்படியென்றால் உண்மையான சம்பவத்தில் நாலுக்கு நாலு வந்திருக்கிறது, இல்லையா?" என்று கேட்டார். ஆம், வந்திருக்கிறது. அதை மறுக்க முடியாது. பத்து நாளில் மூன்றே தடவை வந்த மலையிலிருந்து, வர வேண்டிய நேரத்தில், தாமதமே இல்லாமல் வந்தது. அதற்கு முன்னால் வந்ததாக நான் சொன்ன செய்திகளில் பாதி வரவேயில்லை. வந்ததை நான் உண்மையென்றே எடுத்துக்கொள்ளவில்லை. "சரிவருமா, வராதா? ஒரு சொல்லில் எழுதி அனுப்புங்கள்" என்றார்.

ஒரு வாரம் அந்த ஒரு சொல்லோடு மல்லுக்கட்டினேன். சிக்னல் போதாது என்று எழுதலாம், உண்மை. சிக்னல் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து அடையாளம் வைத்தால் போதும் என்று எழுதலாம், அதுவும் உண்மை. செய்தி வந்தாலும் எழுந்து ஓடுகிற ஆள் இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது, அதை நாம் சோதிக்கவே இல்லை என்று எழுதலாம். அதுதான் எல்லாவற்றிலும் பெரிய உண்மை. அதை எழுதினால் எழுந்து ஓடாதது யார் என்ற கேள்வி வரும். கடைசியில் சிக்னல் போதாது, சரிவராது என்று எழுதிக் கொடுத்தேன். திட்டத்தை நிறுத்திவிட்டார்கள். போன்களைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். என் அறிக்கையில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனால் சிக்னலுக்காகத்தான் அப்படி எழுதினேனா என்று கேட்டால், இல்லை. பயத்தில் எழுதினேன். என் கையெழுத்திலிருந்த அந்த நாலு சரிகளை வேறு யாரும் பார்த்துவிடக் கூடாது என்று எழுதினேன். அந்த நோட்டை நான் யாரிடமும் கொடுக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து, வேலு அண்ணனிடம் என் நம்பரை வாங்கி யோகேஸ்வரி கூப்பிட்டாள். மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தாள்.

"மிஸ், அந்த போன் இனிமே இல்லன்னு ஆயிருச்சாமே?"

"ஆமா யோகேஸ். பாதி நேரம் சிக்னல் இல்லையே."

"நா அமுக்குனப்ப இருந்துச்சே மிஸ்."

"அது அந்த ஒரு மூலையிலதான்."

"அப்ப அந்த மூலைக்கு ஓடுங்கன்னு சொல்லிக் குடுத்தா ஓட மாட்டோமா? மழையும் காத்துமா இருந்தா எங்க சத்தம் அடுத்த மலைக்கே கேக்காது மிஸ். அப்ப போன் வேணும். போன் எடுக்காத எடத்துல சத்தம் குடுத்துக்குறோம். ரெண்டும் இருந்தா ஒங்களுக்கு என்னா?"

இதைப் பி.ஓ.சி. அறிக்கையின் முடிவுரையாகவே எழுதியிருக்கலாம். எனக்கு அப்படி ஒன்று தோன்றவேயில்லை. வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். "அன்னிக்கு ஒங்களுக்கு நடந்தத நெனச்சா எனக்குப் பயமா இருக்கு யோகேஸ். இன்னொருத்திக்கு அப்படி ஆயிரக் கூடாது. அதான் வேணான்னு எழுதிட்டேன்."

பின்னால் பெண்கள் பேசிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"வேலு அண்ணே எல்லாம் சொன்னாரு. போன் சரியாத்தான் சொல்லுச்சு மிஸ். எங்க பொம்பளைங்களும் சரியாத்தான் சத்தம் குடுத்தாங்க. நீங்கதானே எந்திரிக்கல? அதுக்கு ஏன் மிஸ் போன எடுத்துக்கிட்டுப் போனீங்க?" என்று கேட்டாள். பிறகு, கொழுந்து நிறுக்க நேரமாகிவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டாள்.